கூட்டு வழக்குகளில் நிறுவனங்களின் பக்கம் நின்று வாதாடும் வேலை எப்படி இருக்கும்? மனசாட்சி உறுத்தாதா?

அமெரிக்காவில் பல வருடங்களாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ஒரே மாதிரி ஏமாற்றப்பட்டதாகச் சொல்லும் ஆயிரக்கணக்கான நுகர்வோருக்காக ஒன்றிரண்டு பேர் முன்னால் நின்று தொடுக்கும் கூட்டு வழக்குதான் கிளாஸ் ஆக்‌ஷன். நான் எதிர்த்தரப்பு, அதாவது நிறுவனத்தின் வக்கீல்.

ஜூரி வரை போகும் வழக்குகள் மிகக் குறைவு. இத்தனை பேரையும் ஒரே வழக்கில் சேர்க்கலாமா என்று நீதிபதி முடிவு செய்யும் கட்டத்தில்தான் உண்மையான போராட்டம். இதற்கான ஃபெடரல் (மத்திய) நீதிமன்ற விதி 23 இன்றைய வடிவத்துக்கு வந்தது 1966ல். பணம் கேட்கும் வழக்கு என்றால், எல்லோருக்கும் பொதுவான கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும் கேள்விகளைவிட மேலோங்கி நிற்க வேண்டும் என்று அது கேட்கிறது. என் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றியே போகிறது. சேர்க்கலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டால், வாங்கியவர்கள் பல லட்சம் பேர் என்றால், 10 டாலர் புகார் பல கோடி டாலர் ஆகிவிடும். ஜெயிக்க வாய்ப்பிருக்கும் நிறுவனம்கூட அப்போது சமரசத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் அந்த உத்தரவை எதிர்த்து வழக்கின் நடுவிலேயே, 14 நாட்களுக்குள், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க வழி வைத்திருக்கிறார்கள்.

டெபொசிஷன், அதாவது விசாரணைக்கு முன்பே நீதிமன்றத்துக்கு வெளியே சத்தியப்பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்குவது, எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு ஷாம்பு பாட்டிலில் 'இயற்கையானது' என்று போட்டிருக்கிறது, அது பொய் என்று வழக்கு. மேஜைக்கு எதிரே வாதி, ஓரத்தில் சுருக்கெழுத்தர். பாட்டிலை நகர்த்தி வைத்து, "வாங்கும்போது இந்த வரியைப் படித்தீர்களா?" என்று கேட்பேன். ஒருவர் "அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்பார். இன்னொருவர் "வாசனை பிடித்திருந்தது" என்பார். இந்த இரண்டு பேரின் குறையும் ஒன்றா என்பதுதான் நான் நீதிமன்றத்தில் வைக்கும் கேள்வி. குரலை உயர்த்த அங்கே தேவையே இல்லை; எதிரே இருப்பவர் பொய்யர் இல்லை, பெரும்பாலும் நல்ல மனுஷர். சில மாநிலச் சட்டங்களில் இந்த வாதம் எடுபடாது. 'நியாயமான நுகர்வோர்' ஒருவர் ஏமாந்திருப்பாரா என்று மட்டுமே பார்ப்பார்கள். அப்போது சண்டை நஷ்டக் கணக்குக்கு நகரும்.

2021ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன டிரான்ஸ்யூனியன் வழக்கைப் பாருங்கள். கடன் விவரம் வைத்திருக்கும் அந்த நிறுவனம், பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து, சாதாரண ஆட்களின் கோப்பில் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கக்கூடும் என்று குறித்துவிட்டது. வழக்கில் இருந்தவர்கள் 8,185 பேர். அதில் 1,853 பேருடைய அறிக்கைதான் வெளியாருக்குப் போயிருந்தது. தவறான குறிப்புக்காக நஷ்டஈடு கேட்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே என்றது நீதிமன்றம். அந்தத் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் கூட்டு வழக்கு என்ற ஏற்பாடே இல்லாவிட்டால் அந்த 1,853 பேரில் எத்தனை பேர் தனியாகப் படியேறியிருப்பார்கள்?

மனசாட்சி பற்றிக் கேட்டீர்கள். எனக்கு நெருடலாக இருப்பது ஒப்பந்தங்களில் வரும் ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனை. 2011ல் ஏடி அண்டு டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. இலவசம் என்று விளம்பரம் செய்த போனுக்கு 30.22 டாலர் வரி வாங்கினார்கள் என்பதுதான் புகார். கூட்டாக வரக்கூடாது, தனித்தனியாக மத்தியஸ்தரிடம் போ என்று ஷரத்து சொன்னால் அது செல்லும் என்று ஆனது. கட்சிக்காரருக்காக அந்த மனுவை நான் போடுகிறேன், போட வேண்டியது என் கடமை. ஆனால் 30 டாலருக்காகத் தனியாகப் போகிறவர்கள் மிகச் சிலர்தான். அதனால் நிஜமான குறைகளும் கேட்க ஆளில்லாமல் போகின்றன.

நான் மனநிறைவோடு செய்யும் வேலை கட்சிக்காரரின் அறைக்குள் நடக்கிறது. முதல் நாளே, ஒரு மெயிலையும் அழிக்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுவேன். அப்புறம் அந்த மெயில்களை உட்கார்ந்து படிப்பேன். 'வாங்குபவர்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்' என்று உள்ளேயே யாராவது எழுதியிருந்தால், லேபிளை மாற்றுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன். கேட்கும் நிறுவனங்களும் உண்டு, கேட்காதவையும் உண்டு.

இந்தத் துறைக்கு வர நினைத்தால், சட்டத்தோடு கொஞ்சம் புள்ளியியலும் படியுங்கள். நஷ்டக் கணக்குப் போடும் நிபுணரின் அறிக்கையில் ஓட்டை எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.