கொல்லைப்புறத்தில் புது அறை, வீட்டில் நான்கு பங்கு

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு. கொல்லையில் 500 சதுர அடிக்குப் புதிதாக ஒட்டிக் கட்ட 12 லட்சம் ஆகுமாம். முழங்கால் வலியோடு அம்மா கொல்லைக் கடைசியில் உள்ள கழிப்பறைக்கு நடக்கிறார். பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அதனால் வங்கியில் வீட்டுக்கடன் கிடைக்கவில்லை. செல்போன் செயலியில் 14 சதவீதத்துக்குத் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது. ‘நீ கட்டு, நான் பங்கு கேட்கமாட்டேன்’ என்கிறார் அண்ணன். என் சம்பளம் 62,000. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, அவரே அடைப்பதாகச் சொன்னதால், நான் வாங்கிக் கொடுத்த கடனுக்கே மாதம் 11,000 கட்டுகிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அம்மாவின் சிரமம் புரிகிறது. ஆனால் கல்யாணக் கடனை அண்ணன் அடைப்பதாகச் சொன்னதும் வாய்வார்த்தைதானே? இன்று கட்டுவது யார்? யார் கேட்டாலும் உங்கள் பெயரில் கடன் வாங்கி, எழுத்தில் எதுவும் கேட்காமல் விடுகிறீர்கள். எனக்குக் கவலை அதுதான்.

12 லட்சத்துக்கு ஐந்து வருடத் தவணை சுமார் 28,000. பழைய 11,000 சேர்த்தால் 39,000. மீதி 23,000-ல் குடும்பம் நடக்குமா? வட்டி மட்டும் 4.75 லட்சம் போகும். இதே கடன் 9 சதவீதத்தில் கிடைத்தால் வட்டி 3 லட்சத்துக்குள் முடியும். ‘இரண்டே நிமிடத்தில் பணம்’ என்று செயலி காட்டும் அவசரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை 1.8 லட்சம்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த வீட்டில் அம்மா, அண்ணன், தங்கை, நீங்கள் என நான்கு பேருக்கும் சம பங்கு. நாளை தகராறு வந்தால், நீங்கள் போட்ட 12 லட்சம் நான்கு பேர் நிலத்தின்மேல் நிற்கும். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பிள்ளைகளும் தங்கை வீட்டாரும் அதே வார்த்தையைக் காப்பாற்றுவார்கள் என்று எப்படிச் சொல்வது?

முதலில் வாரிசுச் சான்றிதழ். அப்புறம் நான்கு பேரும் உட்கார்ந்து கொல்லைப் பகுதி உங்கள் பங்குக்கு வருமாறு பாகப்பிரிவினைப் பத்திரம் பதியுங்கள். தங்கையிடம் ‘விட்டுக்கொடு’ என்று கேட்காதீர்கள். அவருக்கு உரிய பங்கைக் கொடுங்கள். குடும்பத்துக்குள் பதிந்தால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, பயப்பட வேண்டாம். பட்டா உங்கள் பெயருக்கு மாறியதும் வீட்டுக்கடனுக்கு வங்கியைத் திரும்பக் கேளுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் புதுக் கூரையை ஏற்றாமல் தனி அஸ்திவாரம், தனித் தூண் போடச் சொல்லுங்கள்; மேஸ்திரியின் கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அம்மா அதுவரை காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் சேமிப்பில், பின்வாசலை ஒட்டி, கைப்பிடி வைத்த மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றை மட்டும் இந்த மாதமே கட்டிவிடுங்கள்.