‘பேதைமை’யும் ‘புல்லறிவாண்மை’யும் மொழிபெயர்ப்பில் ஏன் ஒன்றுபோலத் தோன்றுகின்றன?

திருக்குறளின் 84ஆம் அதிகாரமான பேதைமை, கேட்டைப் பற்றிக்கொண்டு நன்மையை நழுவவிடும் அறியாமையைக் குறிக்கிறது. 85ஆம் அதிகாரமான புல்லறிவாண்மையோ, சிற்றறிவு மட்டுமே உடையவன் தன்னைப் பேரறிவாளனாக எண்ணி, பிறர் கூறும் நல்லதையும் ஏற்க மறுக்கும் செருக்காகும். சொற்களின் பொருளெல்லை மொழிக்கு மொழி மாறுபடுவதால், இரண்டையும் ‘மடமை’ என்ற பொருளுடைய ஒரே சொல்லால் பெயர்த்தால், ‘ஆண்மை’ என்னும் பகுதி சுமந்து நிற்கும் பொருள், அதாவது அந்த அற்ப அறிவைக் கொண்டே ஆளத் துணியும் மிடுக்கு, உதிர்ந்துவிடுகிறது. (வள்ளுவரின் கிண்டலே அந்த ‘ஆண்மை’யில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.) ஆற்றையும் சாலையையும் ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடத்தைப் போன்றது இது: கோடுகள் சரியாகவே இருக்கும், எதில் நடக்கலாம் என்பதுதான் தெரியாது. ஆயினும், மொழிபெயர்ப்பில் படித்தால் குறள் புரியவே புரியாது என்பது தவறான எண்ணம். புல்லறிவாண்மை அதிகாரத்தில் வரும் 844ஆம் குறள் புல்லறிவை ‘நாம் அறிவுடையோம்’ என்னும் செருக்காகவே வரையறுப்பதால், அதிகாரத்தை முழுமையாகப் படிக்கும் பிறமொழியாளருக்கும் வேறுபாடு பிடிபடும்.