கேள்வி – பதில்: சாவு விளையாட்டுக் கதைகள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக் கதைகளையே விரும்பிப் படிக்கிறாள். தடுக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: தடுக்க வேண்டாம். இவ்வகைக் கதைகளில் நல்லவை, கொலையைவிடப் புகழைத்தான் கூர்ந்து எழுதுகின்றன. 2008இல் வெளிவந்த சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில், 12 முதல் 18 வயது வரையிலான 24 பேர் களத்தில் இறக்கப்படுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களின் மனத்தைக் கவர்ந்தவருக்கே புரவலர்கள் மருந்தும் உணவும் அனுப்புவார்கள் என்பதால், நாயகி பிழைப்பதற்காகக் காதலைக்கூட நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. தீக்காயத்தோடு மரத்தில் ஒடுங்கிக் கிடப்பவளிடம், சிறிய வெள்ளிப் பாராசூட்டில் ஒரு களிம்பு வந்து இறங்கும் இடத்தை நீங்களே படித்துப் பாருங்கள். அதற்கு விலை கொடுத்தவர் எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்பதில்தான் அச்சம் இருக்கிறது. உங்கள் ஊர் சில்வர் பீச் கடற்கரையில் அலை காலை இழுக்கும் இடத்தில் நின்று ரீல்ஸ் எடுப்பவர்களைப் பார்த்து வளரும் பெண்ணுக்கு இது வேற்றுலகக் கதையாகத் தோன்றாததில் வியப்பில்லை. சாவுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டும் நாவல்களும் ஏராளம். அவை தாமாகவே சலித்துவிடும். இரவில் உறக்கம் கெட்டால் மட்டும் சற்று இடைவெளி விடச் சொல்லுங்கள்.