1998 அணுகுண்டு சோதனைகளுக்குப் பிறகு பாகிஸ்தான் இந்தியாவுக்குச் சமபலம் பெற்றுவிட்டதா?

சமபலம் வரவில்லை, இந்தியாவின் படைபலத்துக்கு ஒரு கடிவாளம் விழுந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியாவும், அதே மாத இறுதியில் பலூசிஸ்தானில் பாகிஸ்தானும் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. மறு ஆண்டே கார்கில். இரு பக்கமும் குண்டு இருந்தால் போரே வராது என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் அந்தப் போரில் இந்திய விமானப்படை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. 1965இல் லாகூரை நோக்கிப் படை நடத்திய அதே நாடு!

முதலில் அணுகுண்டை வீசமாட்டோம் என்கிறது இந்தியா. பாகிஸ்தான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. அணு ஆயுதம் சேராத மரபுப் படையில் இளைத்த நாட்டுக்கு, முதலில் வீசுவோம் என்ற மிரட்டல்தான் கேடயம். அணுகுண்டைச் சுமந்து சுமார் 60 கிலோமீட்டர் மட்டுமே பாயும் நஸ்ர் ஏவுகணையை 2011இல் அது சோதித்ததும் எல்லை தாண்டி வரக்கூடிய டாங்கிப் படையை மனத்தில் வைத்துத்தான். எனக்கு அதிகக் கவலை தருவது இந்தச் சின்ன ஏவுகணையே. போர்க்களத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தவேண்டிய ஆயுதம் அது.