நிலத்தை விற்க வேண்டாம் சார்

சார், உங்கள் கலக்கம் புரிகிறது. இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு அரசு சீட் எட்டவில்லை. "நிலத்தைக் கொடுத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் போடு" என்று உங்கள் அண்ணன் தினமும் போன் செய்கிறார். அவர் தருவது யோசனை மட்டும். போவது உங்கள் நிலம். விற்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அன்று பேசிக்கொண்டிருக்கும்போது அவள் நோட்டைப் புரட்டினேன். கோச்சிங் கணக்குகள் பாதியில் நிற்கின்றன. கடைசிப் பக்கங்களில் ஒரே படம் நாலைந்து முறை: கணையத்தில் செரிமான நொதிகளைச் சுரக்கும் அசினார் செல். போன வருடம் கணைய அழற்சியால் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களே, அப்போது பிடித்த கிறுக்காம்.

அவளே விளக்கினாள். சாப்பிட்டதும் அந்த செல்லின் ஒரு முனையில் மட்டும் கால்சியம் சின்னச் சின்னத் துடிப்பாக ஏறி இறங்கும். அந்தச் சைகையில்தான் செரிமான நொதிகள் வெளியேறும். தூங்கிக்கொண்டே போய்க் குடலில்தான் விழிக்கும். பித்தக்கல் அடைத்தாலோ மது மிஞ்சினாலோ கால்சியம் இறங்காமல் செல் முழுக்க நின்றுவிடுகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துபோக, கால்சியத்தை வெளியேற்றும் பம்ப்புக்குச் சக்தி இல்லை. அந்த நொதிகளில் ஒன்றான ட்ரிப்சின் உள்ளேயே விழித்து, கணையம் தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை முடுக்குகிறது. "கால்சியம் நுழையற ஓராய்1 கதவை அடைக்கிற மருந்தை நோயாளிகள்கிட்ட சோதிச்சுப் பார்க்கிறாங்க சார்" என்றாள். உங்களுக்கு அன்று கிடைத்தது சலைனும் வலி மருந்தும்தானே?

இந்தக் கிறுக்குக்கு ஒரு படிப்பு இருக்கிறது: பி.எஸ்சி. உயிர்வேதியியல். அரசுக் கலைக் கல்லூரிக் கட்டணம், உங்கள் கோச்சிங் செலவுக்கு முன்னால் சில்லறை. மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி.க்கோ, பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கோ வழி உண்டு. எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. நீளமான பாதைதான், மறைக்கவில்லை. நிலையான வேலைக்கு முப்பது வயதை ஒட்டிவிடும். பெயருக்கு முன்னால் டாக்டர் வரும், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வராது. அதை அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது முறை நீட் எழுத விருப்பமா என்று அவளிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.