உலகின் பழைய தொன்மங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த தெய்வம் யார்? ஏன்?

இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் ஜீயஸ், தோர், ஐசிஸ் என்றுதான் பதில் வரும். என் ஓட்டு எரெஷ்கிகலுக்கு. சுமேரியர்களின் பாதாள உலகத்துக்கு ராணி அவள். அவளைத் தெரிந்துகொள்ள அவளுடைய தங்கை இனான்னாவின் கதைக்குள் போகவேண்டும். காதலுக்கும் போருக்கும் தெய்வம் இந்த இனான்னா, உருக் நகரத்துக்காரி. அவள் பாதாளம் இறங்கிய கதை 400 வரிக்குச் சற்று மேல் வரும் ஒரு சுமேரியப் பாட்டு. இன்றைய தெற்கு ஈராக்கில் கி.மு. 1800-ஐ ஒட்டிய காலத்துக் களிமண் பலகைகளில் கிடைத்தது.

அக்காவின் கணவன் குகலன்னா இறந்துவிட்டான், துக்கத்துக்கு வந்திருக்கிறேன் என்று வாயில்காப்போன் நேத்தியிடம் சொல்கிறாள் இனான்னா. துக்கம் கேட்க வந்தவளின் அலங்காரத்தைப் பாருங்கள். கழுத்தில் நீலக்கல் மணிகள், கையில் தங்க வளையம், உடம்பில் ராஜ உடை. மார்பில் போட்டிருக்கும் நகையின் பெயர் ‘வா, ஆணே, வா’. கண்ணுக்குத் தீட்டிய மையின் பெயர் ‘ஒருவன் வரட்டும், வரட்டும்’. எழவு வீட்டுக்கு இப்படி யாராவது போவார்களா? எரெஷ்கிகலுக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. ஏழு வாசலையும் தாழிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்துவிடச் சொல்கிறாள். ஒரு வாசலுக்கு ஒரு பொருளைக் கழற்றிக்கொண்டே வருகிறார்கள். “இது என்ன?” என்று இனான்னா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: பேசாமல் இரு, பாதாளத்தின் முறைகளை எதிர்த்து வாய் திறக்காதே.

ஏழாவது வாசலைத் தாண்டும்போது உடம்பில் துணிகூட இல்லை. அப்போதும் ஆசை விடவில்லை. அக்காவை எழுப்பிவிட்டு அவளுடைய சிம்மாசனத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறாள்! ஏழு நீதிபதிகள் அவள்மேல் மரணப் பார்வை வீசுகிறார்கள். இனான்னா பிணமாகிறாள், பிணத்தைக் கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள்.

மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் அவளுடைய அமைச்சர் நின்ஷுபுர் பெரிய கடவுள்களிடம் போய் அழுகிறாள். என்லிலும் நன்னாவும் கைவிரித்துவிடுகிறார்கள். மேலே இருப்பது போதாதென்று கீழேயும் கேட்டாள் அல்லவா, அனுபவிக்கட்டும் என்கிற தோரணை. என்கி மட்டும்தான் இரங்குகிறார். அவரும் படை எதையும் அனுப்பவில்லை. விரல் நகத்து அழுக்கை எடுத்து இரண்டு சின்ன உருவங்களைச் செய்கிறார். ஒன்று குர்கரா, இன்னொன்று கலதுரா. இரண்டாவது, சுமேரியக் கோயில்களில் ஒப்பாரி பாடிய பூசகர் இனத்தைச் சேர்ந்தது. ஈ மாதிரி கதவிடுக்கில் நுழைந்து போங்கள் என்கிறார்.

எனக்கு எரெஷ்கிகலைப் பிடித்துப்போனது இதற்குப் பிறகு வரும் காட்சியில்தான். உள்ளே அவள் படுத்துக் கிடக்கிறாள். மேலே போர்த்தத் துணி இல்லை, தலைமுடி வெங்காயத்தாள் போலக் கட்டுக்கட்டாக நிற்கிறது. பிள்ளைகளால் நோயில் விழுந்த தாய் என்கிறது பாட்டு. “ஐயோ என் நெஞ்சே” என்று அவள் முனகுகிறாள். அந்த இரண்டும் பக்கத்தில் நின்று, “ஐயோ உன் நெஞ்சே” என்கின்றன. “ஐயோ என் ஈரலே” என்கிறாள். “ஐயோ உன் ஈரலே” என்கின்றன. ஆறுதல், புத்திமதி ஒன்றும் கிடையாது. சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழ வருகிற பெண்கள் செய்வதுதான் இதுவும். புருஷனைப் பறிகொடுத்த அவளிடம் அதுவரை யாரும் அதைச் செய்யவில்லை. துக்கத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வந்த தங்கை நாற்காலியைப் பிடிக்கத்தான் வந்தாள்.

எரெஷ்கிகல் உருகிவிடுகிறாள். நீங்கள் யார், ஆறு நிறையத் தண்ணீர் தரட்டுமா, வயல் நிறையத் தானியம் தரட்டுமா என்கிறாள். அவை இரண்டும் கொக்கியில் தொங்குவதைக் கேட்கின்றன, அதையும் கொடுத்துவிடுகிறாள். உயிர்ச்செடியும் உயிர்நீரும் பட்டு இனான்னா எழுந்துவிடுகிறாள்.

அப்புறம் வருவது கணக்கு வழக்கு. பாதாளத்திலிருந்து யாரும் சும்மா வெளியே வரமுடியாது, மாற்றாள் வேண்டும். பிடித்துப்போகப் பேய்கள் கூடவே வருகின்றன. நின்ஷுபுர் துக்கத்தில் கிடக்கிறாள், அவளைத் தரமாட்டேன் என்கிறாள் இனான்னா. கணவன் துமுசியோ நல்ல உடுப்பு உடுத்தி ஜம்மென்று அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். அவன்மேல் விழுகிறது மரணப் பார்வை. கீழே நீதிபதிகள் அவளைப் பார்த்தபோது வந்த அதே வரிகளைத்தான் பாட்டு இங்கும் போடுகிறது. கடைசியில் அவனுக்குப் பாதி வருஷம், அவன் சகோதரி கெஷ்தினன்னாவுக்குப் பாதி வருஷம் என்று தீர்ப்பாகிறது. இந்தத் துமுசிதான் பைபிளில் எருசலேம் பெண்கள் அழும் தம்மூஸ் (எசேக்கியேல் 8:14). ஈராக்கில் ஜூலை மாதத்துக்கு இன்றும் அவன் பெயர்தான்.

கணவனை மீட்கத்தான் அவள் பாதாளம் போனாள் என்றே அறிஞர்கள் நெடுநாள் நினைத்திருந்தார்கள். பழைய சுமேரிய நகரமான நிப்பூரில் 1889 முதல் 1900 வரை தோண்டி எடுத்த பலகைகள் இஸ்தான்புல்லுக்கும் பிலடெல்பியாவுக்கும் பிரிந்து போயிருந்தன. ஒரே பலகையின் மேல்பாதி ஒரு ஊரிலும் கீழ்பாதி இன்னொரு ஊரிலும் கிடந்த கூத்தும் உண்டு. சாமுவேல் நோவா கிரேமர் போன்ற சுமேரிய அறிஞர்கள் துண்டுகளைச் சேர்த்துப் படித்த பிறகுதான், மீட்பதாவது, அவளே பிடித்துக் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

இவ்வளவும் இனான்னாவின் கதைதான். ஆனால் பாட்டின் கடைசி வரி வாழ்த்துவது எரெஷ்கிகலை: உன்னைப் புகழ்வது இனிது.

படிப்பதாக இருந்தால் சுமேரிய வடிவத்தின் மொழிபெயர்ப்பைத் தேடிப் பிடியுங்கள். பின்னால் அக்காடிய மொழியில் வந்த வடிவம் 140 வரிகூட இல்லை. இனான்னா அதில் இஷ்தார் ஆகிவிடுகிறாள். கதவை உடைப்பேன், செத்தவர்களை எழுப்பி உயிரோடு இருப்பவர்களைத் தின்னவிடுவேன் என்று வாசலில் மிரட்டுவது அதில் அமர்க்களமாக இருக்கும். ஆனால் அந்த முனகலும் எதிர்முனகலும் இல்லை. இஷ்தாரை மீட்க அனுப்பப்பட்ட ஆள் எரெஷ்கிகலை ஏமாற்றிச் சத்தியம் வாங்கிவிடுகிறான், அவள் சாக்கடைச் சோறுதான் உனக்குச் சாப்பாடு என்று சபிக்கிறாள். அந்த வடிவத்தை மட்டும் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கு நானும் ஐசிஸ் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.