எண்டோஸ்கோப்பி வலிக்குமா? ஸ்கோப் ரூமில் வேலை பார்ப்பவனின் பதில்

கேள்வி: சாப்பிட்டதும் மேல்வயிறு வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது. அல்சராக இருக்கலாம், எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் தனியார் கிளினிக்கில் கேஸ்ட்ரோ டாக்டர். ரொம்ப வலிக்குமா? மயக்கம் கொடுத்து எடுப்பது நல்லதா?

வலிக்காது, குமட்டும். அதுவும் சில நிமிஷம்தான்.

மதுரையில் ஒரு தனியார் கேஸ்ட்ரோ கிளினிக்கில் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டர் ஸ்கோப்பை, அதாவது வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா டியூபை, பிடித்திருக்கும்போது உங்கள் தலைமாட்டில் நிற்கும் ஆள். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தொண்டையில் மரப்பு ஸ்பிரே அடிப்போம். கசக்கும். ஒரு நிமிஷத்தில் தொண்டை தடித்துப்போன மாதிரி இருக்கும், எச்சில் முழுங்க முடியாத மாதிரி தோன்றும். நிறையப் பேர் பயப்படுவது இந்த இடத்தில்தான். "தம்பி, தொண்டை அடைக்குது, மூச்சு முட்டுது" என்பார்கள். மூச்சு எங்கேயும் போகவில்லை, தொண்டைக்கு உணர்ச்சிதான் போயிருக்கிறது. அப்படி இருந்தால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கட்டை ஒன்றைக் கொடுப்போம். ஸ்கோப்பைக் கடித்துவிடக் கூடாதே! டியூப் கிட்டத்தட்ட நம் சுண்டுவிரல் தடிமன்தான். நாக்கின் பின்பக்கம் போனதும் டாக்டர் "முழுங்குங்க" என்பார். அந்த ஒரு முழுங்கலில் ஒத்துழைத்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கப்புறம் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு: மூக்கால் மூச்சு விடுவது, எச்சிலை முழுங்காமல் வாயோரம் வழிய விடுவது. கீழே துண்டு விரித்திருப்போம், கூச்சமே வேண்டாம்.

வயிற்றை விரித்துப் பார்க்க உள்ளே காற்று செலுத்துவார்கள். அதனால் பெரிய பெரிய ஏப்பமாக வரும். முடிந்தவரை அடக்குங்கள், காற்று போய்விட்டால் வயிறு சுருங்கி, மடிப்புகளுக்கு நடுவில் இருப்பது தெரியாது. பயாப்ஸி (சோதனைக்குத் துளி சதை கிள்ளுவது) எடுக்காவிட்டால் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் எழுந்துவிடுவீர்கள்.

மயக்க மருந்து விஷயத்தில் என் அபிப்பிராயம்: சாதாரண மேல் எண்டோஸ்கோப்பிக்கு ஸ்பிரே மட்டுமே பெரும்பாலானவர்களுக்குப் போதும். முடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம். பல் விளக்கும்போதே ஓங்கரிக்கும் ஆட்கள், டியூபைப் பார்த்தாலே படபடப்பு வருகிறவர்கள், குழந்தைகள் ஆகியோருக்குத் தூக்க ஊசி நல்லது. ஆனால் ஊசி என்றால் கூடவே ஒரு ஆள் வர வேண்டும். அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது, பத்திரம் கித்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. விரலில் ஆக்ஸிஜன் கிளிப் மாட்டுகிறார்களா, ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள். ஆஸ்துமா, ராத்திரி பலமான குறட்டை, ஆடுகிற பல், பல் செட் எதையும் மறைக்காதீர்கள்.

வலியைப் பற்றிக் கேட்கிறவர்கள் வெறும் வயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை. எங்களுக்குத் தலைவலியே அதுதான். "ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடல, காலைல டீ மட்டும் குடிச்சேன்." பால் கலந்த டீ இந்தக் கணக்கில் சாப்பாடுதான். உள்ளே போய்ப் பார்த்தால் இரைப்பையின் ஓரத்தில் வெள்ளைத் திரளையாகப் பால் திரிந்து கிடக்கும். அதன் அடியில் புண் இருக்கிறதா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் விபரீதம். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் சாப்பாடு, பால், டீ, காபி எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் எதுவரை என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை விடுவார்கள். சுகர் மாத்திரை, இன்சுலினை வெறும் வயிற்றில் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வந்து வரவேற்பறையிலேயே வியர்த்துச் சரிந்தவர்கள் உண்டு. முன்னாடியே கேளுங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் கேஸ்ட்ரோ டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது.

அல்சர் என்றீர்கள். நம் ஊரில் அல்சர் என்றாலே "நேரத்துக்குச் சாப்பிடல, காரம் ஜாஸ்தி" என்பார்கள். காரம் எரிச்சலைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் இரைப்பையில் நிஜமான புண் வருவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இன்னொன்று, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. உங்கள் எண்டோஸ்கோப்பியிலும் இதைச் சோதிப்பார்கள். அரிசிக் குறுநொய் அளவுக்குச் சதை கிள்ளி, மஞ்சள் நிற ஜெல்லில் போடுவேன். கிருமி இருந்தால் அது உண்டாக்கும் அமோனியாவால் மஞ்சள் மெல்ல ரோஸாக மாறும். சில சமயம் நோயாளி எழுந்து வாய் துடைத்து முடிப்பதற்குள் நிறம் மாறிவிடும். கிள்ளும்போது வலிக்காது. ஆனால் பான்டோப்ரஸோல், ஓமிப்ரஸோல் மாதிரி கேஸ் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு வந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். ஆன்டிபயாடிக் என்றால் நாலு வாரம்.

பயாப்ஸி என்ற வார்த்தையைக் கேட்டதும் வெளியே நிற்கும் வீட்டம்மா அழ ஆரம்பித்துவிடுவார். பயாப்ஸி என்றால் கேன்சர் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன கிருமிச் சோதனையும் அதுதான்.

எண்டோஸ்கோப்பி அவசியமா என்பது வேறு கேள்வி. முழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, தார் மாதிரி கறுப்பு மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை, விடாத வாந்தி, நடுவயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். எதுவும் இல்லாத இளவயசுக்காரர் என்றால், மாத்திரையில் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். இன்னொன்று: நடக்கும்போது வந்து, நின்றால் அடங்குகிற நெஞ்செரிச்சலை கேஸ் என்று நினைத்துக்கொண்டு எங்களிடம் வராதீர்கள். முதலில் ஈசிஜி. ஸ்கோப் டேபிளில் ஏறுவதற்கு முன்பே எங்கள் டாக்டர் ஹார்ட் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

தனியார் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்க ஏசியையும் டிவியையும் பார்க்காதீர்கள். ஸ்கோப்பை எப்படிக் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு நோயாளி முடிந்ததும் உடனே துடைத்து, உறிஞ்சு குழாயில் என்ஸைம் திரவம் விட்டு, லீக் பார்த்து, உள்குழாய்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்த வேண்டும். குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் ஊறுவதற்கு மட்டுமே 20 நிமிஷம். ஆக, ஒரு ஸ்கோப் சுற்றி வர அரைமணிக்கு மேல் ஆகிவிடும். ஒரே ஒரு ஸ்கோப் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒருவரை உள்ளே கூப்பிட்டால் எந்த இடத்தில் குறைக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "உங்ககிட்ட எத்தனை ஸ்கோப் இருக்கு?" என்ற கேள்விக்கு எங்களைப் போன்றவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வோம். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். காசு இடிக்கிறது என்றால் கேஸ்ட்ரோ பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே தினமும் ஸ்கோப் பார்க்கும் டாக்டர்களின் கைப்பழக்கம் சாதாரணமானதல்ல.

கூடவே கொலனோஸ்கோப்பியும் (ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது) எழுதியிருந்தால் அதற்கு மட்டும் தூக்க ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். பெருங்குடல் வளைவுகளில் ஸ்கோப் திரும்பும்போது பிடித்து இழுக்கிற மாதிரி வலிக்கும். முந்தின நாள் கீரை, தக்காளி, கொய்யா வேண்டாம். விதையும் நாரும் ஸ்கோப்பின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். பீட்ரூட், மாதுளை ஜூஸ் ரத்தம் மாதிரியே தெரியும். பேதி மருந்தை முழுசாகக் குடியுங்கள், கடைசியில் மூத்திரம் மாதிரி மஞ்சள் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தம். கடைசி அரை லிட்டரைக் கொட்டிவிட்டு வருகிறவர்களை முதல் வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

ரிப்போர்ட்டில் "ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்" என்று இருந்தால் கூகுளில் தேடிப் பயப்படாதீர்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதி கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்களிடம் வருகிறவர்களில் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் வரி அது.

முடிந்ததும் மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், புரையேறும். அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம். முதலில் ஒரு மடக்கு தண்ணீர், சரியாக இறங்கினால் இட்லி. தொண்டை கரகரப்பு மறுநாள் வரை இருக்கலாம். வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ, காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம் வந்தாலோ காலையில் பார்க்கலாம் என்று படுக்காமல் அப்போதே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்; எடுக்காவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு ரிப்போர்ட்டோடு போய்விடுங்கள்.